மிக்சர் தின்ற மீன்கள்

என் மனைவி செண்பகாவின் ஆய்வகத் தொட்டியில் மிக்சரைக் கொட்டி மூன்று மீன்களைக் கொன்றது நான்தான். வீட்டில் என் முகம் பார்க்க நேரமில்லாதவள், அங்கே அவற்றைச் "செல்லம்" என்று கொஞ்சினால் வயிறு எரியாதா?

அவள் திட்டவில்லை. செத்த மீன் ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி நின்றாள்.

"என்கிட்ட இல்லாத எது இதுங்ககிட்ட இருக்கு?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பழுதுதாங்க. செல் வயசானா பெருகாம நிறுத்துற மரபணு, மீனுக்கும் மனுஷனுக்கும் ஒண்ணுதான். அது கெட்டா கட்டி வரும். உங்களுக்குப் பிறவியிலேயே கெட்டுப்போச்சு. மருந்து தேடத்தான் இதுங்களுக்கு நான் கெடுத்தேன்."

சென்ற ஆண்டு கட்டியை எடுத்த கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டேன்.

"அப்போ நானும் செல்லம்தானே?"

அவள் சிரிக்கவில்லை. டாக்டர்கள் எல்லோரும் மழுப்பியதை அவளிடமே கேட்டேன்.

"கட்டி திரும்ப வருமா?"

"வரும்ங்க," என்றாள். "அதுக்குள்ள நான் முடிக்கணும்."