ரப்பர் வெட்டுக்கிளி

சோழவந்தான் பக்கம், வைகை மடுவில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. ஜெரால்ட் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். பழைய ரப்பர் செருப்பை வெட்டி, கோழி இறகு கட்டி அவரே செய்த பச்சை வெட்டுக்கிளி தூண்டில் நூலின் முனையில் பறக்கிறது. அதை நிஜமென்று நம்பி விரால் மேலே வரவேண்டும். கம்பைப் பின்னால் வீசி முன்னால் சுண்டுகிறார். நூல் வரவில்லை. "அய்யோ, கண்ணு!" பின்னால் கரையில் நின்ற மனைவி ஜாய்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்காருகிறாள். அவர் கம்பைப் போட்டுவிட்டுத் தடுமாறி ஓடிவந்து மண்டியிடுகிறார். "ஏசப்பா... கையை எடும்மா, மெதுவா." விரல்கள் விலகுகின்றன. இமை திறக்கிறது. கண் தெளிவாக இருக்கிறது. தூண்டில் முள் முன்நெற்றி முடியில் சிக்கியிருக்க, கோழி இறகு மட்டும் இமையை உரசிக்கொண்டு ஆடுகிறது. "நான் தெரியுறேனா?" "இம்புட்டுக் கிட்டத்துல தெரியாம என்ன?" மூச்சிரைக்க அவர் முள்ளை எடுக்க விரல்களை நீட்டுகிறார். ஜாய்ஸ் அவற்றைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். "முள்ளு எங்கயும் போகாது. மொதல்ல நீங்க மூச்சு விடுங்க." அவர் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். மடுவில் விரால் ஒன்று தண்ணீரை அடித்துப் புரள்கிறது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.