மிச்சமிருந்த ஒரு மணி நேரம்

“வழி கேட்டா உங்க கிரீடம் இறங்கிடுமா?”

“எனக்குத் தெரியாத வழியா?”

“தெரிஞ்ச லட்சணம்தான் தெரியுதே! இதே பெட்ரோல் பங்க்கை மூணாவது தடவையா பாக்குறேன்.”

அவளும் அவள் கணவரும் கடைசியாகப் போட்ட சண்டை அதுதான். அவர்கள் விருந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். மூன்றாம் நாள் எதற்கென்றே தெரியாமல் இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் சண்டையே இல்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

“உன்னை மாதிரி கொடுத்து வெச்சவ யாரு? ஜடைகூட அவரே பின்னி விடுறாராமே!” என்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி மூக்கில் விரல் வைப்பாள்.

அவள் சிரித்து வைப்பாள். வீட்டில் உதவிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்க நினைத்து, கேட்காமலே விட்டது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே, “நான் எதுக்கு இருக்கேன்?” என்பார் அவர். அவ்வளவு பாசமாகச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

அன்று அரசாங்கப் பணம் வந்து விழுந்திருந்தது.

அவள் வேலை பார்த்தது, மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கு உதவியாளர்களை அனுப்பும் நிறுவனத்தில். செலவை அரசு தருகிறது. தனித்தனியாக அல்ல, எல்லாருக்குமாகச் சேர்த்து மொத்தமாக. வங்கிக் கணக்கில் ஒரே ஒரு வரி. அதைப் பிரித்து, யாருடைய பில்லுக்கு எவ்வளவு என்று மென்பொருளில் பொருத்துவது அவள் வேலை.

மொத்தத்தையும் முதலில் ஒரு தற்காலிகக் கணக்கில் இறக்கி வைப்பாள். பிறகு ஒவ்வொரு பில்லாக எடுத்து அதிலிருந்து கழிப்பாள்.

குளிப்பாட்டி உடை மாற்றியது. சாப்பாடு ஊட்டியது. ஓய்வுபெற்ற தபால்காரரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனது. கண் தெரியாத பியானோ டீச்சருக்கு வந்த கடிதங்களை வாசித்துக் காட்டியது.

எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அலுக்கவில்லை. ஒரே எண்ணுக்குள் ஊரே அடங்கியிருந்தது. ஒருவர் தலையில் ஊற்றிய வெந்நீர், இன்னொருவர் சட்டைக்குப் போட்டுவிட்ட பொத்தான், தபால்காரர் முகத்தில் பட்ட ஏரிக்காற்று, எல்லாம். கழிக்கக் கழிக்க எண் சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் பூஜ்யமாகும். எல்லாரும் குளித்து உடுத்தி, வெளியே போய்விட்டு வீடு திரும்பியாயிற்று என்று அவளுக்கு மட்டும் வருகிற சேதி அது.

அன்று பூஜ்யம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கான பணம் மிஞ்சி நின்றது.

தேடிப் பிடித்தாள். பக்கவாதம் வந்த ஒரு தையல்காரருக்கு உரியது. அரசிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், இங்கே பில் போட மறந்துவிட்டார்கள். உதவியாளர் உண்மையிலேயே போனாரா என்று தெரியாமல் பில் போட முடியாது. தையல்காரர் வீட்டுக்குப் போன் செய்தாள். மனைவி எடுத்தாள்.

“வந்தாரும்மா. குளிப்பாட்டி, சட்டை மாட்டி, ஜம்முனு கூடத்துல கொண்டாந்து உக்கார வெச்சாரு. அந்த ஒரு மணி நேரமும் நான் சும்மா இருந்தேன். அப்புறம் மனுஷனைப் பாத்தா, புருஷன் மாதிரியே இருக்காரு! உடனே சண்டை பிடிச்சுக்கிட்டோம்.”

“சண்டையா?”

“பின்னே? நானே குளிப்பாட்டுனவரைக்கும், பாவம் பாவம்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவரும் என் கையை எதிர்பாத்து இருக்கோமேன்னு ஒண்ணும் சொல்லமாட்டாரு. அன்னைக்கு எங்கண்ணன் பேச்சு வந்துச்சு. ஒரு பிடி பிடிச்சுட்டாரு! எவ்வளவு நாளாச்சு, தெரியுமா?”

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், கொஞ்சம் குழறலாக: “யாருடி போன்ல? உங்கண்ணனா?”

போனை வைத்த பிறகும் அவள் கைகள் விசைப்பலகைக்குத் திரும்பவில்லை.

இந்த மேசையில் எத்தனை ஆயிரம் மணி நேரங்களைக் கழித்திருப்பாள்! ஒன்றுக்குள்கூட இப்படி எட்டிப் பார்த்ததில்லை. குளிப்பாட்டி உடை மாற்றியது, ஒரு மணி நேரம். அந்த ஒரு வரிக்குள், அரசாங்கத்துக்கே தெரியாமல், ஒருத்திக்குப் புருஷன் திரும்பக் கிடைத்திருக்கிறான்.

பில்லைப் போட்டாள். திரையில் பூஜ்யம் வந்து நின்றது. அதைக் கும்பிடலாம் போலிருந்தது.

மாலையில் வழக்கம்போல அவள் கணவர் வந்தார். காரை வாசலோடு ஒட்டி நிறுத்தினார். குனிந்து, அவள் கைகளை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். அந்த விருந்துக்கு அடுத்த மாதம் வந்த காய்ச்சல் அவள் கால்களைச் செயலிழக்க வைத்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் போட்டுவிட்டு வந்து ஏறினார்.

குறுக்குவழி குண்டும் குழியுமாக இருக்கும் என்று, தினமும் போல அன்றும் சுற்றுவழியில் வண்டியைத் திருப்பினார்.

“ஏங்க.”

“என்னம்மா? குலுங்குதா?”

“இல்லை. என்னைக் குளிப்பாட்ட ஒரு ஆள் வெச்சிடுங்க. ஜடையை வேணும்னா நீங்களே பின்னுங்க, அதுவும் தினம் கோணலாத்தான் இருக்கு.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “எனக்கு உங்களோட சண்டை போடணும்.”