பட்டத்துக்கு முந்தின நாள்

துறைமுகக் கிரேனின் கண்ணாடிக் கூண்டிலிருந்து ஒரெஸ்தெ தன் மகனைப் பார்த்துவிட்டார்.

எதிரே, கலங்கரை விளக்கத்தின் முதல் மாடத்தில், கைப்பிடியை ஒட்டி ஃபுல்வியோ நின்றிருந்தான். அவர் கொடுத்த பழைய ஆரஞ்சு நிற மேல்சட்டை. ஒரு காலை மறுகாலோடு பின்னிக்கொண்டு நிற்பது வேறு யாருக்கும் வராது.

நாளைக் காலை பத்து மணிக்கு அவனுக்குப் பட்டம்.

இத்தாலியின் ஜெனோவாவில் படிக்கிற பிள்ளைகள், பட்டம் கைக்கு வருமுன் அந்த விளக்கில் ஏற மாட்டார்கள். ஏறினால் பட்டம் வராது. இதையெல்லாம் நம்பாத பேராசிரியர்கள்கூடத் தங்கள் பிள்ளைகளை ஏற விட்டதில்லை.

ஊரிலுள்ள கோட்டை வாசல், பளிங்கு மாளிகை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் ஃபுல்வியோ பள்ளிக்கூடத்தோடு போய் வந்தவன்தான். விளக்குக்குக் கூட்டிப்போன அன்று மட்டும் அவன் அம்மா ஓர்னெல்லா, காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் கொடுத்து அவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அப்போது அவனுக்கு எட்டு வயது.

அதே ஓர்னெல்லா இந்நேரம் வீட்டில், பட்ட விருந்துக்கு வருபவர்களுக்காகச் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம்களை ஐந்தைந்தாக வலைத்துணியில் முடிந்துகொண்டிருப்பாள். சவோனாவிலிருந்து இரண்டு அத்தைகள் மாலை ரயிலில் வருகிறார்கள்.

"அண்ணே, பெட்டி அந்தரத்துல தொங்குது. மகன் இன்ஜினியர் ஆகறதுக்குள்ள என் தலையில போட்டுடாதீங்க." கீழே லாரியருகே நின்ற கூட்டாளி நான்னி வாக்கி டாக்கியில் சொன்னான்.

"அவன் விளக்கு மேல நிக்கிறான்டா."

வாக்கி டாக்கி கரகரத்தது.

"போச்சு. அண்ணி இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

ஒரெஸ்தெ கைபேசியில் மகனை அழைத்தார். மாடத்தில் நின்ற உருவம் கையைக் காதுக்குக் கொண்டுபோனது.

"எங்கடா இருக்கே?"

"லைப்ரரியிலப்பா. கடைசியா ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கலாம்னு."

வைத்துவிட்டான். மறுபடியும் கைப்பிடிமேல் சாய்ந்துகொண்டான்.

ஏறியதை மறைக்கப் பொய் சொல்கிறான் என்று அவருக்குக் கோபம் வந்தது. பெட்டியை லாரிமேல் பதமாக இறக்கினார். கூண்டை மாற்றாளிடம் கொடுத்துவிட்டு இறங்கி, மதிலோரமாகவே ஓட்டமும் நடையுமாகப் போனார். வழியெல்லாம் இதற்குப் பரிகாரம் ஏதாவது உண்டா என்று யோசித்தார். அப்படி எதையும் அவர் கேள்விப்பட்டதில்லை.

கீழே நின்று கத்தி அவனை இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதற்குமுன் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் நியாயம் கேட்க வேண்டியிருந்தது.

"மேல நிக்கிற பையன் என் மகன். நாளைக்கு அவனுக்குப் பட்டம். ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கக் கூடாதா?"

அவள் குழம்பிப்போய் மேலே பார்த்தாள்.

"அந்த ஆரஞ்சு சட்டைக்காரரா? அவர் மூணு வருஷமா வாராவாரம் வர்றாருங்களே. மாணவர்னா பாதிக் கட்டணம்தான், அட்டையைக் காட்டுங்கன்னு முதல் நாளே சொன்னேன். நான் எதுவும் படிக்கலைன்னு சொல்லி முழுச் சீட்டு வாங்கினாரு. இன்னிக்கும் அப்படித்தான்."

மூன்று வருடம். எழுதாத ஒவ்வொரு தேர்வுக்கும் அவன் மதிப்பெண் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு ஒயின் புட்டி திறந்தார்கள்.

ஒரெஸ்தெ அண்ணாந்து பார்த்தார். ஃபுல்வியோ இப்போது கைப்பிடிக்கு வெளியே குனிந்து, நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் கத்தவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

மாடத்தில் காற்று அடித்தது. ஃபுல்வியோ திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா, நாளைக்கு..."

"தெரியும். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே அவனுடைய இடுப்புவாரை இறுகப் பிடித்தார். நூற்று எழுபத்திரண்டு படிகளும் இறங்கி முடியும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.