கண்ணை எடுக்காதவள்

“சிஸ்டர், எச்சில் உறிஞ்சற இந்த சக்‌ஷன் ட்யூபைக் கொஞ்சம் பிடிங்க. கை பத்தலை.”

“முடியாது டாக்டர். மயக்க மருந்து கொடுத்தா, பேஷன்ட்டோட மூச்சைப் பாக்கறதைத் தவிர நர்ஸ் வேற வேலையைத் தொடக்கூடாதுன்னு புது ரூல்.”

பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. “ஏசி ரூம்ல உக்காந்து ரூல் போட்டுடறாங்க. அவங்களா வந்து கடவாய்ப்பல் பிடுங்கப்போறாங்க? நாளையிலேருந்து நீங்க வரவே வேண்டாம்!”

 ஆனாலும், பல் பிடுங்க வந்து மயங்கிக் கிடந்த அம்மாளின் மார்பிலிருந்து நர்ஸ் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று அந்த மார்பு அசையாமல் நின்றது.

“நிறுத்துங்க டாக்டர்! மூச்சு வரலை!”

தாடையைத் தூக்கிப் பிடித்து, ஆக்சிஜன் முகமூடியை வைத்து அழுத்தி, அதோடு இணைந்த காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் ஒருவழியாக மூச்சை இழுத்தார். டாக்டர் சுவரில் சாய்ந்தார்.

அம்மாளுக்கு மயக்கம் தெளிந்ததும், நடந்ததை டாக்டரே ஒளிக்காமல் சொன்னார்.

அந்த அம்மாள் நர்ஸின் கையைப் பற்றிக்கொண்டார். “இந்த ரூல் வரணும்னு அரசாங்கக் கமிட்டியில வருஷக்கணக்கா மல்லுக்கு நின்னது நான்தாம்மா. என் உயிரையே அது காப்பாத்தும்னு நினைக்கலை.”

டாக்டருக்கு வியர்த்தது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மேடம்!”

“சொல்லியிருந்தா, எனக்கு மட்டும் ஒழுங்கா செஞ்சிருப்பீங்க.”

 அடுத்த நோயாளி வந்ததும், டாக்டர் தாமே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து தலைமாட்டில் போட்டார்.

“உக்காருங்க சிஸ்டர். நீங்க சரின்னு சொன்னாதான் ஆரம்பிப்பேன்.”

நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.