வக்கீல் மட்டும் வரவில்லை

காப்பகத்தில் ஐம்பத்து மூன்று நாய்கள். இணையத்தில் தேடினால் வருவது ஐம்பத்திரண்டு படங்கள்.

அவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது குறைந்ததுதான்.

நாய்கள் காப்பகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காப்பகத்தின் இணையதளத்தில் உள்ள ஒவ்வொரு நாயின் படமும் தேடுகிறவர்கள் கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் நாய் கேட்டு வருகிறார்கள். கண்ணில் படாத நாய்க்கு வீடு கிடைக்காது.

வராதது வக்கீலின் படம். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்கிற மாதிரி குரைக்கும் பழுப்பு நாய் அது. பதினான்கு மாதமாகக் கூண்டில் கிடந்தது.

படத்தின் அளவு சரியாக இருந்தது, பெயரும் சரி. உள்ளே போய்த் துழாவியபோதுதான் பிடிபட்டது. 'இந்தப் படத்தைத் தேடலில் காட்டாதே' என்று அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள். கை தவறி வருகிற வரி இல்லை. வேண்டுமென்றே எழுதினால்தான் வரும்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு கூண்டு காலியானால்தான் அடுத்த உயிருக்கு இடம். எந்த நாயையும் யாருக்காகவும் பிடித்து வைக்கக் கூடாது என்று காப்பகத்தை நடத்தும் செயலாளரம்மாவே விதி போட்டிருந்தார். அந்த விஷயத்தில் அவர் கறார். அவருக்கு நாயைவிடச் சட்டம்தான் பிடிக்கும் என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள்.

கூண்டுகளைக் கவனித்துக்கொள்கிறவர் மீதுதான் அவளுக்குச் சந்தேகம். வக்கீலுக்கு மட்டும் அவர் ஒரு கை சோறு கூடுதலாகப் போடுவதைப் பார்த்திருந்தாள். நேரிலேயே கேட்டாள். தனக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவசரமாக நகர்ந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செயலாளரம்மா அந்த வாரம் ஊரில் இல்லை. அவர் வரும்வரை எதற்குக் காத்திருப்பது என்று அவளே அந்த வரியை அழித்தாள். வெளிச்சத்தில் நிறுத்தி நல்ல படமாக ஒன்று எடுத்துப் போட்டாள். நாலே நாளில் வக்கீல் தேடலில் வந்து நின்றது. ஆறாம் நாள் ஒரு குடும்பம் போன் செய்தது.

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்காக வந்தாள். கணவன், மனைவி, ஒரு சிறுமி. தோட்டம் உள்ள வீடாம். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே பஸ் டிரைவர் சீருடையில் ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு வக்கீல் வாயே திறக்காமல் படுத்திருந்தது.

இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அவர் மெல்ல எழுந்து, பேண்ட்டில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு, வாரைச் சிறுமியின் கையில் கொடுத்தார்.

"இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும் பாப்பா. திட்டாதீங்க. கொஞ்ச நேரத்துல தானா வெளிய வந்துடும்."

அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று சிறுமியின் அம்மா கேட்டார்.

ஏழு வருஷம் தன் வீட்டில் இருந்த நாய் என்றார். மனைவி வளர்த்தது. அவர் இறந்த பிறகு தனியாளாக டிரைவர்கள் விடுதிக்கு மாற வேண்டி வந்தது. அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. நாயோடு குடிவரச் சொல்லுகிற வாடகை வீடு இன்னும் அமையவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இனி எனக்கு உரிமை இல்ல. நல்ல வீட்டுக்குப் போகட்டும்."

சொல்லும்போது அவர் நாயின் பக்கம் திரும்பவே இல்லை.

ஊரிலிருந்து திரும்பிய செயலாளரம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். தவறு காப்பகத்துடையது, இந்த நாயைத் தருவதற்கில்லை என்று குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். அரை மணி கழித்து, சிறுமி வேறொரு கருப்புக் குட்டியோடு கிளம்பினாள்.

அலுவலக அறைக்கு வந்ததும் செயலாளரம்மா கதவைச் சாத்தினார்.

"அவருக்கு ஒரு வீடு அமையட்டும்னு அந்த வரிய எழுதச் சொன்னது நான்தாம்மா. விதி போட்டவளே மீறினா வெளிய சொல்லவா முடியும்? அந்த மனுஷனுக்கும் தெரியாது. யாருமே கேட்டு வரலையேன்னு வாரா வாரம் புதன்கிழமை வந்து நாய்க்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறாரு."

அவள் உட்கார்ந்து அந்த வரியை மறுபடி எழுதினாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. கேட்டுவிட்டாள்.

"இவ்வளவு நாளும் அந்தக் கூண்டுல வேற ஒரு உயிர் இருந்திருக்கலாமே, மேடம்?"

"இருந்திருக்கலாம். வக்கீலச் சேர்த்த அன்னிக்கே வந்தது ரெண்டு கண்ணும் தெரியாத கிழட்டு நாய். இடமில்லைன்னு எல்லார் முன்னாலயும் நான்தான் சொன்னேன்" என்றார் செயலாளரம்மா. "சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். பதினாலு மாசமா என் கட்டில்ல அது தூங்குது, நான் கீழ படுக்கறேன்."