மேடைக்கு ஒரு பொன்னாடை

கல்லூரி மேடையில், சிறப்பு விருந்தினரின் தோளில் மாணவி பொன்னாடையைப் போர்த்தினாள்.

போட்டோ எடுத்தார்கள். கை தட்டினார்கள்.

இதுவரை எல்லாம் வழக்கப்படி.

பிறகு அதை உருவிக்கொண்டாள்.

விருந்தினராக வந்த அம்மா திரும்பிப் பார்த்தார். ஆடைக் கழிவைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு அப்போதுதான் மைக்கை விட்டிருந்தார். நைலான் மண்ணில் மக்காது என்று அவர் சொன்னபோது அரங்கமே உச்சுக்கொட்டியது.

பொன்னாடை நைலான்தான்.

அதைப் போர்த்திய கையோடு கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். யாரும் உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனதாகத் தகவல் இல்லை.

அவள் உதறினாள். பக்கத்தில் இருந்த துறைத் தலைவருக்குப் போர்த்தினாள்.

போட்டோ. உருவல்.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

முதல்வர் பல்லைக் கடித்தபடி சிரித்தார். மேடையில் அப்படித்தான் சிரிக்க முடியும். போன மாதம் நோட்டீஸ் போர்டில் ‘மரம் நடுவிழா, இடம்: போன வருஷக் குழி’ என்று இவள் எழுதி வைத்தாள். இன்னொரு தடவை வாலாட்டினால் டி.சி.தான் என்று கூப்பிட்டுச் சொன்னவர் அவர். பொறுப்பு கொடுத்தால் வால் சுருண்டுவிடும் என்று நம்பி, பொன்னாடை வாங்குவதையும் போர்த்துவதையும் இவளிடமே ஒப்படைத்தவரும் அவர்தான்.

அவருடைய முறை வந்தது. எழுந்தார். மீதியெல்லாம் எங்கே என்று உதடு அசையாமல் கேட்டார்.

காலையிலேயே கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றாள்.

“டி.சி. உறுதிம்மா.”

“சரி சார். கொஞ்சம் குனிங்க, எடுத்துக்கறேன்.”

குனிந்தார். போட்டோகிராபர் பார்த்துக்கொண்டிருந்தாரே.

தாளாளருக்குக் கடைசியில். கைதட்டல் அப்போதுதான் நீளும் என்பது கல்லூரியின் கணக்கு.

அவருடைய பட்டங்களை வாசித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அரங்கம் அடங்கிவிட்டது.

எழுந்து நின்றார். நல்ல உயரம்.

போர்த்த வருகிறவருக்குத் தலை குனிந்து கொடுப்பது மரியாதை. இதுவரை எல்லாரும் கொடுத்தார்கள்.

அவர் பொன்னாடையைப் பார்த்தார். அடுத்தவன் எச்சில் இலையைப் பார்ப்பதுபோல.

குனியவில்லை.

அவள் எக்கினாள். எட்டவில்லை. இன்னொரு முறை எக்கினாள்.

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். கீழே இறங்கு என்று முதல்வர் கண்ணாலேயே சொன்னார். அந்தப் பக்கம் படிக்கட்டு காலியாகத்தான் இருந்தது.

மேடையின் இந்தக் கோடியில், வராமல் போன ஒரு விருந்தினரின் நாற்காலி.

கைக்கு இடைஞ்சலாக இருந்த பொன்னாடையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

நாற்காலியை இழுத்தாள். அது தரையில் உரசிய சத்தம் மைக்கில் விழுந்து அரங்கம் முழுக்கக் கேட்டது.

சிறப்பு விருந்தினர், நாற்காலி போவதற்காக, காலை மடக்கிக்கொண்டார்.