அதுலயே போங்க

“பெல் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு?” கட்டிலில் படுத்திருந்த ஷிஹோரி கேட்டாள்.

“கத்தாதீங்க. உங்க ஒருத்தருக்காகவா நாங்க இருக்கோம்?” என்றாள் மினே.

ஜப்பானின் நீகாத்தா நகரில் இருந்த அந்தச் செவிலியர் கல்லூரியில் பாடமுறை மாறிவிட்டது. முன்பு குசாகா டீச்சர் திரையில் படம் காட்டுவார், மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். இப்போது மாணவிகளிலேயே ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ்; இன்று ஷிஹோரியும் மினேயும். நோயாளிக்கு டயபர் கட்டி, நிறைய பார்லி டீ குடிக்கவைத்து, இடுப்பெலும்பு முறிந்ததாகப் படுக்க வைப்பார்கள். எழுந்தால் மதிப்பெண் கிடையாது.

“டாய்லெட் போகணும். கூட்டிட்டுப் போங்க.”

“டயபர் கட்டியிருக்கில்ல? அதுலயே போங்க.”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். ஷிஹோரியின் காதுகள் சிவந்தன.

“விளையாடாத மினே. நிஜமாவே முட்டுது.”

“குழந்தை மாதிரி அடம் பிடிக்காதீங்க. போனதுக்கப்புறம் கூப்பிடுங்க, மாத்தி விடுறேன். சும்மா சும்மா பெல்ல அமுக்குனா வயரப் பிடுங்கிடுவேன்.”

ஷிஹோரி போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“மார்க்கும் வேணாம், மண்ணும் வேணாம். இது ஒரு படிப்பா? பேசாம படமே காட்டியிருக்கலாம். டீச்சர், இவ பேசினதக் கேட்டீங்கல்ல?”

“கேட்டேன்.”

“போன வாரந்தான் எல்லாரும் முதல்முதலா வார்டுக்குப் போயிட்டு வந்தோம். அங்க இவ என்னென்ன பண்ணினாளோ. இவள மறுபடி அனுப்பாதீங்க. அனுப்பினா நான் பிரின்சிபால்கிட்ட போவேன்.”

“ஒரு வருஷம் வீணாப் போகும், ஷிஹோரி.”

“போகட்டும். இந்த வாய்க்கு அது கம்மி.”

குசாகா டீச்சரின் முகமும் இறுகியிருந்தது. “சரி. இப்படிப் பேசுறவ இந்த வருஷம் வார்டுக்குள்ள கால் வைக்க மாட்டா. இது என் முடிவு.”

மினே தலைகுனிந்து நின்றாள்.

டீச்சர் அவளிடம் திரும்பினார். “சொந்தமா ஒரு வார்த்தை பேசக் கூடாது, வார்டுல காதால கேட்டத மட்டுந்தான் சொல்லணும்னு உனக்குச் சொல்லியிருந்தேனே. இத எங்க கேட்ட?”

மினே நிமிர்ந்தாள்.

“இடுப்பு உடைஞ்சு கிடந்த இனாமி அம்மா பெல் அடிச்சப்போ, நான் பக்கத்துக் கட்டில்ல விரிப்பு மாத்திக்கிட்டிருந்தேன், டீச்சர். அவங்ககிட்ட இதெல்லாம் சொன்னது ஷிஹோரி.”